கானல் நீரும் காணாத காதலும்

வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரைக்குச் செல்லும் சாலையில், அகத்தியன்பள்ளி உப்பளங்களைத் தாண்டியதும், சித்திரை வெயிலில் ஒரு காட்சியைக் காணலாம். இருநூறு மீட்டர் தொலைவில் சாலையின் குறுக்கே தண்ணீர் தேங்கி நிற்பது போலிருக்கும். எதிரே வரும் பேருந்தின் உருவம்கூட அதில் தலைகீழாகத் தெரியும். அருகே சென்றால் தண்ணீர் இராது. அது இன்னும் இருநூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இதற்குத்தான் கானல் நீர் என்று நம் முன்னோர் பெயரிட்டனர்.

காரணம் நீங்கள் அறிந்ததே. சூடேறிய தாரை ஒட்டியுள்ள காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. அதனால் அதன் ஒளிவிலகல் எண்ணும் சற்றே குறைகிறது. வானத்திலிருந்து சாய்வாகக் கீழே வரும் ஒளி இந்தக் காற்றடுக்குகளில் சிறிது சிறிதாக வளைந்து, தரையைத் தொடாமலே மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணை அடைகிறது. ஆனால் ஒளி நேர்க்கோட்டில் வந்ததாகவே மூளை கணக்கிடும். ஆகவே வானத்தின் ஒரு துண்டு சாலையில் கிடப்பதாகத் தெரிகிறது. சாலையில் பளபளப்பது தண்ணீராகத்தான் இருக்கவேண்டும் என்று மூளை மேலும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கானல் நீரைப் புகைப்படம் எடுக்க முடியும். அப்படியானால் கண்ணுக்கு வந்த ஒளி உண்மையான ஒளிதான். அந்த ஒளியைக் கொண்டு பொருளை ஊகிக்கும் இடத்தில்தான் தவறு நேர்கிறது. மற்றொன்று, காரணம் தெரிந்தவருக்கும் கானல் நீர் தெரியத்தான் செய்யும். ஆண்டுதோறும் ஒளியியல் பாடம் நடத்தும் எனக்கும் அது தண்ணீராகவே தெரிகிறது. குடத்தை எடுத்துக்கொண்டு போகமாட்டேன், அவ்வளவுதான் வேறுபாடு.

கைபேசித் திரையில் தோன்றும் வேறொரு கானல் நீரை இனிப் பார்ப்போம்.

2021-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவரின் புகார் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் பெரிதாக வெளிவந்தது. திரைப்பட நடிகர் ஆர்யா தம்மைத் திருமணம் செய்துகொள்வதாகக் கூறிச் சுமார் 70 லட்சம் ரூபாய் பெற்று ஏமாற்றிவிட்டார் என்பது அந்தப் புகார். சென்னைக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவினர் நடிகரை நேரில் அழைத்து விசாரித்தனர். பிறகு ஆகஸ்ட் மாதத்தில் வேறு இருவரைக் கைது செய்தனர். நடிகரின் பெயரில் சமூக வலைத்தளத்தில் அப்பெண்ணுடன் பழகிப் பணம் பெற்றவர்கள் இவர்களே என்றும், நடிகருக்கு இதில் தொடர்பில்லை என்றும் காவல்துறை தெரிவித்தது.

செய்தியைப் படித்த பலரும் கேட்ட கேள்வி, “இப்படியும் ஒருவர் ஏமாறுவாரா?” என்பதுதான். அதைக் கேட்கும் குரலில் ஓர் இளப்பம் இருக்கும். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். இளப்பத்தை ஒதுக்கிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் கேட்பது போல் கேட்டால் அதற்கு விடையும் கிடைக்கும். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உளவியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விடையின் முதல் பகுதி உங்கள் கண்ணிலேயே இருக்கிறது.

ஒரு கோடிட்ட தாளில், ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். தாளைக் கைநீளத் தொலைவிலிருந்து மெதுவாக அருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. புள்ளியின் பிம்பம் அங்கே விழுந்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் மாரியோட் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த குருட்டுப் புள்ளி இது.

ஆனால் வியப்பு புள்ளி மறைவதில் இல்லை. மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அங்கே ஓட்டை தெரிவதில்லை. தாளின் கோடு தொடர்ந்து ஓடுவதாகவே தெரிகிறது! செய்தி வராத இடத்தை, அக்கம்பக்கத்தில் இருப்பதைக் கொண்டு மூளை தானே நிரப்பிவிட்டது. நிரப்பியது என்று உங்களுக்கு அறிவிப்பதும் இல்லை.

மனிதர்களை அறிவதிலும் மனம் இதே வேலையைச் செய்கிறது. நேரில் ஒருவருடன் பேசும்போது சொல்லோடு குரல் வருகிறது, முகம் வருகிறது, கண் எங்கே பார்க்கிறது, கை என்ன செய்கிறது என்பதெல்லாம் வருகிறது. பேருந்து நடத்துனரிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் காண்கிறோம். எழுத்தில் வருவது சொல் மட்டுமே. மற்றதெல்லாம் குருட்டுப் புள்ளி. அந்த வெற்றிடத்தை மனம் எதைக் கொண்டு நிரப்பும்? தன்னிடம் இருப்பதைக் கொண்டுதான். தனிமையில் இருப்பவரிடம் இருப்பது ஏக்கம். தாம் விரும்பும் குரலை, தாம் விரும்பும் கனிவை அந்தச் சொற்களுக்குள் அவரே ஊற்றி வைக்கிறார்.

ஜோசப் வால்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-இல் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார். கணினி வழியே எழுதிப் பழகுவோரிடையே, நேரில் பழகுவோரைவிட மிகுந்த நெருக்கம் சில சமயங்களில் தோன்றுகிறது என்பது அவர் கூற்று. எழுதுபவர் தம்மிடமுள்ள நல்லதை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதலாம். ஒரு வரிக்கு அரைமணி நேரம் யோசிக்கலாம். படிப்பவரோ அதை இன்னும் அழகாக்கிக்கொள்கிறார். இதில் ஏமாற்று என்பது கட்டாயமில்லை. கடிதத்திலேயே பழகி மணம் செய்துகொண்டு நன்றாக வாழ்ந்த தம்பதியரும் உண்டு. ஏமாற்றுபவன் செய்வதெல்லாம், நல்ல நெருக்கம் வளரும் அதே வரப்பின் வழியே நடந்து வருவதுதான்.

ஆர்தர் ஆரன் என்ற உளவியலாரும் உடன் ஆய்ந்தவர்களும் 1997-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒருவரையொருவர் அறியாத இருவரை எதிரெதிரே அமர்த்தி, 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்டுப் பதில் சொல்லச் செய்தனர். முதலில் எளிய கேள்விகள். போகப்போக மனத்தின் உள்ளே தொடும் கேள்விகள். முக்கால் மணி நேரத்தில், வெறும் அரட்டை அடித்த இணைகளைவிட இவர்கள் தங்களுக்குள் நெருக்கம் கூடியிருப்பதாக உணர்ந்தனர். முக்கால் மணி நேரத்திலேயே இவ்வளவு என்றால், மூன்று மாதம் இரவுதோறும் மனத்தைத் திறந்து பேசினால் என்ன ஆகும்?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அம்மையார், வயது 48, பள்ளி ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார், மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒருநாள் முகநூலில், கப்பலில் பொறியாளராக இருப்பதாகக் கூறும் ஒருவர் நட்பு வேண்டுகிறார். கப்பல், எண்ணெய்க் கிணறு, வெளிநாட்டு ராணுவ மருத்துவமனை போன்ற வேலைகள் இவர்களுக்கு மிகவும் பிடித்தமானவை. நேரில் வர முடியாததற்கும், முகம் காட்டிப் பேச முடியாததற்கும் காரணம் அந்த வேலையிலேயே அடங்கியிருக்கிறதல்லவா! காலையில் “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறார். கூடப் பிறந்தவர்கள்கூடக் கேட்காத கேள்வி அது. இரண்டு மாதம் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் பரிசுப் பொட்டலம் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார். மறுநாள் “சுங்கத்துறை அதிகாரி” தொலைபேசியில் வருகிறார். பொட்டலத்தில் நகையும் வெளிநாட்டுப் பணமும் உள்ளன. 35,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். கட்டியதும் ஒரு அபராதம். அதைக் கட்டியதும் மற்றொன்று.

முதல் 35,000-ஐ அவர் கட்டியது அன்பினால் எனலாம். ஐந்தாவது தவணையை ஏன் கட்டினார்? இங்கேதான் வேறு இரண்டு விதிகள் புகுகின்றன.

அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளை ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-இல் பெரிய நூலாக வெளியிட்டார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். ஆனால் எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாது. அப்போது புறா சலிக்காமல் கொத்தியது. தானியத்தை அடியோடு நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. ஏமாற்றுபவன் சில நாள் அன்பைப் பொழிவான். சில நாள் காணாமல் போவான். காத்திருப்பவர் கைபேசியைக் கொத்திக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது விதி, ஏற்கெனவே போட்ட பணம் நம்மை இழுக்கும் இழுப்பு. 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச்சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் குலுக்கல் முறையில் விலையைக் குறைத்துக் கொடுத்தனர். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆயினும் பருவத்தின் முற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தனர். கொடுத்த காசு வீணாகக்கூடாதே! கடைமடை விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உழவுக்கும் விதைக்கும் செலவழித்தபின் ஆற்றில் தண்ணீர் வராவிட்டால், “இவ்வளவு போட்டாயிற்றே” என்று எஞ்சினுக்கு டீசல் ஊற்றுகிறவர்கள் அவர்கள். அங்கே சில ஆண்டுகளில் மழை வந்து பயிர் பிழைத்துவிடும். காதல் மோசடியில் மழை வருவதே இல்லை. அதோடு, இப்போது நிறுத்திவிட்டால் போனது பணம் மட்டும் அன்று. அந்த மனிதரே பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அஞ்சித்தான் ஐந்தாவது தவணை.

படிக்காதவர்களும் பேதைகளுமே ஏமாறுவார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மோனிகா விட்டி என்ற உளவியலார் இத்தகைய மோசடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2018-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஏமாந்தோரில் நடுவயதினரும் நன்கு படித்த பெண்களும் மிகுந்திருந்தனர். இவர்களுக்கு இரட்டை அடி விழுகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பணத்தை இழந்த துயரம் ஒன்று. அன்புக்குரிய ஒருவரை இழந்த துயரம் மற்றொன்று. அந்த ஒருவர் என்றுமே இருந்ததில்லை; ஆனால் துயரம் உண்மையானது, கானல் நீரில் வந்த ஒளி உண்மையானது போலவே. கணவரை இழந்தவருக்கு ஊரே ஆறுதல் கூறும். இவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆகவே இவர் வாய் திறப்பதில்லை.

இந்த வெட்கம்தான் மோசடிக்காரனின் பெரிய முதலீடு. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 2023-இல் வந்த காதல் மோசடிப் புகார்களில் இழந்ததாகக் கூறப்பட்ட தொகை 114 கோடி டாலர். இது வாய் திறந்தவர்கள் கணக்கு மட்டுமே. காதலில் தொடங்கிப் போலி முதலீட்டில் முடியும் மோசடிக்கு, பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்ற பொருளில் ஒரு பெயர் உலகெங்கும் வழங்கி வந்தது. அப்பெயர் ஏமாந்தவரைப் பன்றியாக்குகிறது, அதனால் அவர் புகார் செய்யக் கூசுகிறார் என்று கூறி, 2024 டிசம்பரில் இன்டர்போல் அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டது. ஒரு சொல்லை மாற்றக் காவல்துறையினரே முன்வந்தது கவனிக்கத்தக்கது.

திரையின் மறுபக்கத்தில் இருப்பவர் யார்? இதற்கும் விடை எளிதன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, இத்தகைய மோசடிச் செய்திகளை அனுப்பும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர்களில் 13 பேர் தமிழ்நாட்டினர். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்ப அழைத்து வரப்பட்டனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்பது 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. “சாப்பிட்டாயா?” என்று கேட்டவனே அன்று சாப்பிட்டிருப்பானா என்பது ஐயம். அவன் மேசையில் ஓர் எழுத்துப்படி இருக்கும். எந்த நாள் என்ன எழுதவேண்டும் என்று அதில் குறித்திருக்கும். ஒரே வரி ஒரே இரவில் பலருக்குப் போகும்.

இப்போது அந்த எழுத்தைக் கணினியே எழுதத் தொடங்கிவிட்டது. மனம் இதற்கு எவ்வளவு எளிதில் இடம் கொடுக்கும் என்பது 1966-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வெய்சன்பாம் என்பவர், நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் ஒரு சிறு நிரலை எழுதினார். அதை அவர் உருவாக்குவதை அருகிலிருந்தே பார்த்து வந்த அவருடைய செயலாளர், அதனுடன் சிறிது பேசியதும், “நீங்கள் சற்று வெளியே இருங்கள்” என்று அவரையே கேட்டுக்கொண்டாராம்!

கானல் நீரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பார்க்கும் இடத்தை மாற்ற வேண்டும். சாலையோர மேட்டில் ஏறி நின்று பாருங்கள். அதே இடத்தில் தண்ணீர் மறைந்து தார் தெரியும். அதே உயரத்தில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. ஏமாற்றுபவனிடமே “நீ உண்மையானவனா?” என்று கேட்பது இப்படி உற்றுப் பார்ப்பதுதான். அவன் அனுப்பிய படத்தைத் தேடுபொறியில் இட்டு அது வேறு யாருடையது என்று பார்க்கலாம். அவன் கூறும் அலுவலகத்தின் எண்ணை நாமே தேடியெடுத்துப் பேசலாம். எல்லாவற்றையும்விட, இன்னொருவரிடம் முழுக் கதையையும் சொல்லலாம். “இதை யாரிடமும் சொல்லாதே” என்று அவன் கேட்டுக்கொள்வது எதனால் என்று இப்போது விளங்கும்: அடுத்தவர் மேட்டில் நிற்கிறார். காணொளி அழைப்பில் முகம் தெரிந்ததே என்பது இன்று சான்றாகாது. ஹாங்காங்கில் ஓர் ஊழியர், காணொளிக் கூட்டத்தில் தோன்றிய போலி முகங்களைத் தம் மேலதிகாரிகள் என்று நம்பிச் சுமார் 2.5 கோடி டாலர் அனுப்பிவிட்டார். 2024-இல் வெளிவந்த செய்தி இது.

உங்கள் வயதினருக்கு விரிக்கப்படும் வலை சற்று வேறானது. அங்கே கேட்கப்படுவது பணம் அன்று. முதலில் ஒரு படம். தன் வயதுப் பெண் என்றோ பையன் என்றோ பழகி, அந்தரங்கமான படம் ஒன்றைப் பெற்றுவிட்டு, பணம் அனுப்பாவிட்டால் உன் வகுப்பு முழுவதற்கும் அனுப்புவேன் என்று மிரட்டுவார்கள். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது. கொடுப்பவர் என்று தெரிந்துவிடுவதால் கூடும். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லவேண்டும். திட்டுவார்கள்தான், திட்டு ஒரு வாரம். 18 வயதுக்கு உட்பட்டவரின் அந்தரங்கப் படத்தைக் கேட்பதும் பரப்புவதும் கடுமையான குற்றங்கள். வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய தேசிய எண் 1930. வேதாரண்யத்துக்காரர்களுக்கு இந்த எண்ணை மறக்க முடியாது. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து இங்கே உப்பு அள்ளிய ஆண்டல்லவா! பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புகார் வந்ததும் வங்கிகள் வழியே அதை நடுவழியில் நிறுத்தி வைக்க முயல்கிறார்கள். அதனால் ஒரு நாள் கழித்துச் சொல்வதைவிட ஒரு மணி நேரத்துக்குள் சொல்வது மேல். ஏமாந்தவர் உங்கள் அத்தையோ பக்கத்து வீட்டு அண்ணனோ ஆனால், அந்த ஒரு மணி நேரத்தை “எப்படி ஏமாந்தீர்கள்?” என்று கேட்டுக் கழித்துவிடாதீர்கள்.

இனி உங்கள் வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோதனை. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலார் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் அவரவர் குணத்தை எழுதிய தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் எழுதியிருந்தது ஒன்றே!

நீங்களும் நண்பர்களிடம் பிடித்த நிறம், பிடித்த பாடம், பிறந்த கிழமை என்று பத்துக் கேள்விகள் கேட்டுப் பதில்களை வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் ஒவ்வொருவர் பெயரையும் மேலே எழுதி, இதைக் கொடுங்கள்: “நீங்கள் பிறருக்காக அதிகம் விட்டுக்கொடுப்பவர், அது பலருக்கும் தெரிவதில்லை. கூட்டத்தில் சிரித்துப் பேசினாலும், தனியே இருக்கும்போது சில கேள்விகள் உங்களை அரிக்கும். உங்களை உண்மையாகப் புரிந்துகொண்டவர் இதுவரை ஒருவரோ இருவரோதான்.” யாரும் அடுத்தவர் தாளைப் பார்க்கக்கூடாது. மதிப்பெண்களை வாங்கிச் சராசரியைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன்பிறகு தாள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.